சாலை வரும்வரை ஆறு காத்திருக்காது

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு. மலைக் கிராமத்தில் பிரசவ வலி எடுத்த பெண்ணையோ, பாம்பு கடித்த முதியவரையோ ஊர்க்காரர்கள் போர்வையில் டோலி கட்டித் தோளில் சுமந்து வந்திருப்பார்கள். வழியில் காட்டாற்று வெள்ளம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்து, அக்கரையில் நிற்கும் 108 ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பார்கள். செய்தி வெளியானதும் அதிகாரிகள் வந்து பார்வையிடுவார்கள். சாலைக்கு மதிப்பீடு தயாராகிறது என்பார்கள். வெள்ளம் வடியும். அடுத்த மழைக்கு வேறோர் ஊரின் பெயரோடு அதே செய்தி வரும்.

இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். மலை மக்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தொலைவு அல்ல. ஐந்தாறு கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்தை அவர்கள் அன்றாடம் நடக்கிறார்கள். விறகும் விளைபொருளும் சுமந்தே நடக்கிறார்கள். அவர்களை நிறுத்துவது வழியில் குறுக்கிடும் ஓர் ஆறு. பல இடங்களில் முப்பது, ஐம்பது மீட்டர் அகலமே உள்ள ஓடை. அதன் மேல் மனிதர்கள் நடந்து கடக்க ஒரு தொங்குபாலம் இருந்தால் போதும், அந்தச் செய்தியின் பாதி நிகழாமலேயே போயிருக்கும். ஆனால் நம் திட்டங்களில் பாலம் என்றால் வண்டி போகும் பாலம்தான். ஆள் நடக்கும் பாலத்துக்கென்று தனித் திட்டமோ, தனிப் பிரிவோ, தனி நிதியோ இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

எல்லையில் நிற்கும் ஊர்கள்

கொடைக்கானல் மலையின் தென்சரிவில் சின்னூர், பெரியூர் என்ற ஊர்கள் இருக்கின்றன. நிர்வாகத்தில் அவை திண்டுக்கல் மாவட்டம். ஆனால், அங்குள்ளவர்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் இறங்கி வருவது தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்கு. இடையில் கல்லாறு ஓடுகிறது. மழை பிடித்துக்கொண்டால் நோயாளியைத் தூக்கி வருபவர்கள் ஆற்றங்கரையில் நின்று வெள்ளம் குறையும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தெங்குமரஹாடாவின் கதையும் இதே போன்றது. நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. வழியோ ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரிலிருந்து காட்டுக்குள் போகிறது. பேருந்து மாயாற்றின் கரையோடு நின்றுவிடும், அங்கிருந்து பரிசல். மாயாற்றில் தண்ணீர் கூடினால் பரிசலும் நிற்கும். கடம்பூர் மலையில் உள்ள மாக்கம்பாளையத்துக்குப் போகும் வழியில் குரும்பூர்ப் பள்ளமும் சர்க்கரைப் பள்ளமும் குறுக்கிடுகின்றன. மலையில் பெய்த மழை பள்ளத்தில் இறங்கினால் பேருந்து வராமல் இருந்தது. உயர்மட்டப் பாலம் கேட்டு அந்த மக்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள்.

இவற்றில் சின்னூர், பெரியூரையும் தெங்குமரஹாடாவையும் பாருங்கள். வாக்காளர் பட்டியல் ஒரு மாவட்டத்தில், வாழ்க்கையின் வழி இன்னொரு மாவட்டத்தில். ஆறு ஓடும் இடத்தில் வருவாய்த் துறை, வனத்துறை, ஊரக வளர்ச்சித் துறை, நெடுஞ்சாலைத் துறை என்று பல கைகள் சேர்கின்றன. எல்லோருக்கும் கொஞ்சம் பொறுப்பு இருப்பதால் எவருக்கும் முழுப் பொறுப்பு இல்லாமல் போகிறது. ஒரு மாவட்ட ஆட்சியர் மனது வைத்தால்கூடப் பாலத்தின் மறுமுனைக்கு அடுத்த மாவட்டத்தின் இசைவு வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களின் தனிமைக்கு ஆறு மட்டும் காரணமல்ல. நம் கோப்புகள் பிரிந்து கிடக்கும் முறையும் காரணம்.

மலையில் மட்டும்தான் இந்த நிலை என்று எண்ண வேண்டாம். மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்துவிடப்படும்போதெல்லாம் கொள்ளிடத்தின் நடுவே உள்ள முதலைமேடுதிட்டு, வெள்ளைமணல் போன்ற ஊர்கள் தண்ணீரால் சூழப்படுகின்றன. இறந்தவரின் உடலைக் கழுத்தளவுத் தண்ணீரில் சுமந்து ஆற்றைக் கடந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் காட்சி நம் மாவட்டங்களுக்குப் புதிதல்ல. அந்த வழியைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எந்த ஆற்றுக்குப் பாலம் வருகிறது, எதற்கு வரவில்லை என்பதில் அக்கரையில் யார் வாழ்கிறார்கள் என்ற கணக்கும் இருக்கிறது.

வெள்ளம் வராத நாளிலும் இழப்பு

‘ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் வெள்ளத்துக்காகப் பாலமா?’ என்ற கேள்வி அலுவலகங்களில் எழுவது இயல்பு. இதற்கு விடை தரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் நிகரகுவா நாட்டில், திடீர் வெள்ளத்தால் துண்டிக்கப்படும் கிராமங்களில் நடைபாலங்கள் கட்டப்பட்டபோது, வயட் புரூக்ஸ், கெவின் டோனவன் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் குடும்பங்களின் வரவு செலவைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாலம் தேவைப்பட்டும், ஆற்றின் அமைப்பு இடம்கொடுக்காததால் கட்ட முடியாமற்போன ஊர்களோடு அவற்றை ஒப்பிட்டார்கள். 2020இல் ‘எகனாமெட்ரிகா’ ஆய்விதழில் முடிவுகள் வெளியாயின.

பாலம் இல்லாத ஊர்களில் வெள்ளம் வந்தபோது கூலி வருமானம் 18 சதவீதம் குறைந்தது. பாலம் வந்த ஊர்களில் இந்தச் சரிவே இல்லை. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். எதிர்பாராதது, வேளாண்மையில் கிடைத்த லாபம் ஏறத்தாழ 75 சதவீதம் உயர்ந்தது என்பது. பாலத்தால் நிலத்தின் வளம் கூடிவிடுமா? கூடாது. மனிதரின் துணிவு கூடுகிறது. வெள்ளம் எப்போது வரும், எத்தனை நாள் கூலி போகும் என்று தெரியாத குடும்பம், கையில் இருக்கும் பணத்தையும் தானியத்தையும் அந்த நாள்களுக்கென்று பதுக்கிவைக்கும். உரம் வாங்காது, நல்ல விதைக்குச் செலவு செய்யாது. எந்த நாளிலும் அக்கரைக்குப் போய்க் கூலி வேலை செய்யலாம் என்ற உறுதி கிடைத்தவுடன் அதே பணம் நிலத்துக்குள் போகிறது. வெள்ளம் வருவது சில நாள்தான் என்றாலும் அதைப் பற்றிய அச்சம் ஆண்டு முழுவதும் அந்த வீட்டை ஆள்கிறது. பாலம் நீக்குவது அந்த அச்சத்தை.

நம் மலைகளுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது கடினமல்ல. பள்ளிக்குப் போகும் வழியில் ஆறு இருந்தால், பெற்றோர் பெண் குழந்தையை முதல் மழைக்கே நிறுத்திவிடுகிறார்கள். விடுபட்ட பாடம் சேர்ந்து சேர்ந்து படிப்பே நின்றுபோகிறது. பேறுகாலத்துக்கு முன்பே பெண்கள் வந்து தங்குவதற்காக மலையடிவார ஆரம்பச் சுகாதார நிலையங்களில் காத்திருப்பு அறைகளைத் தமிழக அரசு ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால், வீட்டில் இன்னொரு கைக்குழந்தை, பட்டியில் ஆடு, காட்டில் விளைச்சல் என்று இருக்கும் பெண், நாள்கணக்கில் வந்து தங்க எளிதில் முன்வருவதில்லை. கடைசி நேரத்தில்தான் கிளம்புவார். அந்தக் கடைசி நேரத்தில் ஆற்றில் தண்ணீர் இருந்தால் அரசு செய்த ஏற்பாடு அத்தனையும் அக்கரையில் நின்றுவிடும்.

சாலை என்ற ஒற்றைக் கணக்கு

ஊரக இணைப்புக்காக நாம் செலவிடும் பணம் குறைவல்ல. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் இந்திய ஊரகத்தின் முகத்தையே மாற்றியிருக்கிறது. அதன் நான்காம் கட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை என்பது இலக்கு. ஆனால், இத்திட்டம் தலைகளை எண்ணித்தான் சாலை தருகிறது. சமவெளியில் 500 பேருக்கு மேல் இருக்க வேண்டும். மலை மாநிலங்களிலும், அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் இருந்தால் போதும்.

தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக இங்கே ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. ஆகவே அந்த இரு தளர்வுகளின் வழியாக நம் மலைக் குடியிருப்புகளுக்குப் பயன் வராது. நாற்பது வீடு, அறுபது வீடு என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள் எண்ணிக்கையில் தோற்றுப்போகின்றன. மிகவும் பின்தங்கிய பழங்குடியினருக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘பிஎம்-ஜன்மன்’ திட்டம் நூறு பேர் உள்ள குடியிருப்பையும் சாலைக் கணக்கில் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் அதில் வருகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். அப்படியும் மலையாளி, காணி, பளியர், முதுவர் போன்ற சமூகங்களின் சிற்றூர்கள் வெளியே நிற்கின்றன.

எண்ணிக்கையைத் தாண்டினாலும் காடு இருக்கிறது. புலிகள் காப்பகத்துக்குள் தார்ச்சாலை போட அனுமதி கிடைப்பது எளிதல்ல. கிடைக்காததற்கு நியாயமான காரணங்களும் உண்டு. அனுமதி, மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று ஆண்டுகள் ஓடுகின்றன. அதுவரை ஆற்றைக் கடக்க என்ன வழி என்று எந்தக் கோப்பும் கேட்பதில்லை. சாலை வந்தால் பாலமும் சேர்ந்து வரும் என்பதே பதிலாக இருக்கிறது.

சாலை வரும் இடங்களிலும் பெரும்பாலும் கிடைப்பது தரைப்பாலம். வெள்ளம் மேலே ஏறிப் போவதற்கு இடம்கொடுத்துக் கட்டப்படுவதே தரைப்பாலத்தின் அமைப்பு. வறண்ட நாளில் வண்டிக்கு அது உதவும். தண்ணீர் வரும் நாளில் மனிதருக்கு உதவாது. ‘தரைப்பாலம் மூழ்கியது, போக்குவரத்து துண்டிப்பு’ என்ற தலைப்பை நாம் இயற்கைச் சீற்றம்போலப் படித்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது நாமே தேர்ந்தெடுத்த வடிவமைப்பின் விளைவு. உயர்மட்டப் பாலத்துக்குப் பணம் இல்லை என்றால், தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் ஆள் நடக்க ஒரு தொங்குபாலமாவது போடலாமே என்ற யோசனை நம் பொறியியல் நடைமுறைக்குள் இன்னும் வரவில்லை.

நேபாளம் கட்டிக்காட்டியது

இந்த யோசனையை ஒரு நாடு தேசியக் கொள்கையாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. இமயமலைச் சரிவுகளில் ஆயிரக்கணக்கான ஆறுகள் வெட்டிப்போட்ட நாடு நேபாளம். ஒவ்வோர் ஊருக்கும் சாலை போடுவதென்றால் எத்தனை தலைமுறை ஆகும் என்று தெரியாத நிலையில், மக்கள் நடக்கும் பாதைகளையே நாட்டின் போக்குவரத்து அமைப்பாக ஏற்றுக்கொண்டது. 1964இல் தொங்குபாலங்களுக்கென்றே அரசு ஒரு பிரிவை அமைத்தது. 1972 முதல் சுவிட்சர்லாந்து அரசு அதற்குத் துணை நின்றது. இன்று அங்கே கட்டப்பட்ட நடைபாலங்களின் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டிவிட்டது.

எண்ணிக்கையைவிட அதை எட்டிய வழிதான் நமக்குப் பாடம். தொடக்கத்தில் தலைநகரிலிருந்து பொறியாளர்கள் போய்ப் பெரிய பாலங்களைக் கட்டினார்கள். அந்த வேகத்தில் போனால் காலத்துக்கும் முடியாது என்பது விளங்கியது. பாக்லுங் பகுதியின் உள்ளூர்க் கைவினைஞர்கள் எளிய முறையில் தொங்குபாலம் அமைத்துவந்ததைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். அந்த நாட்டுநுட்பத்தைக் கணக்கிட்டுச் செம்மைப்படுத்தி, 1989 முதல் ஊர்மக்களே கட்டும் திட்டமாக மாற்றினார்கள்.

அந்தப் பாலத்தின் அமைப்பு எளிமையானது. இரு கரைகளிலும் பாறையிலோ கான்கிரீட் அடித்தளத்திலோ இரும்பு வடங்கள் பிணைக்கப்படும். கீழ் வடங்களின் மேல் நடைதளம். மேல் வடங்கள் கைப்பிடி. இரண்டுக்கும் நடுவே குழந்தையும் ஆடும் தவறி விழாதபடி கம்பிவலை. ஆற்றுக்குள் தூண் கிடையாது. மிக உயர்ந்த வெள்ளக் குறிக்கும் மேலே போதிய இடைவெளி விட்டுக் கட்டுவதால் வெள்ளம் பாலத்தைத் தொடாமல் கீழே போகும். கிரேன் வேண்டாம், லாரி போகும் பாதையும் வேண்டாம். நீண்ட இரும்பு வடத்தை வரிசையாக நின்று தோளில் வைத்து மலையேற்றுகிறார்கள். 120 மீட்டர் நீளம் வரையிலான பாலங்களுக்கு முன்கூட்டியே தயாரித்த வரைபடங்களும் அளவைகளும் கையேடுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு பாலத்துக்கும் புதிதாக வடிவமைக்க வேண்டியதில்லை; இடத்தை அளந்து, பொருத்தமான வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

வேலையை நடத்துவது பயனாளிகள் குழு. அதில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கும் இடம் கட்டாயம். கல், மணல், உடலுழைப்பு ஊரின் பங்கு; இரும்பும் தொழில்நுட்பமும் அரசின் பங்கு. என்ன வந்தது, எவ்வளவு செலவானது என்று ஊர் கூடிய சபையில் படித்துக் காட்டித் தணிக்கை செய்கிறார்கள். கட்டியபின் பாலத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்கிறார். தளர்ந்த திருகை முடுக்குவதும், வடிகாலைச் சுத்தம் செய்வதும், பழுதை எழுதி அனுப்புவதும் அவர் வேலை. 2015இல் வந்த புதிய அரசியல் சாசனத்தின் கீழ் 753 உள்ளாட்சிகள் உருவானபின், சிறிய பாலங்களின் பொறுப்பு அவற்றிடமே வந்துவிட்டது.

நேபாளத்திலும் எல்லாம் நிறைவேறிவிடவில்லை. ‘துயின்’ எனப்படும் கம்பிவடத்தில் தொங்கியபடி, ஆற்றின் மேல் உயிரைப் பணயம் வைத்துக் கடந்த ஊர்கள் அங்கே ஏராளம். இரண்டே ஆண்டுகளில் துயின்களை எல்லாம் அகற்றிப் பாலம் போடுவதாகப் பிரதமர் கே.பி.சர்மா ஒலி 2015இல் அறிவித்தார். சொன்ன கெடுவுக்குள் வேலை முடியவில்லை. ஆனாலும், ஒரு நாட்டின் பிரதமர் நடைபாலத்துக்குக் காலக்கெடு வைத்துப் பேசினார் என்பதே அங்கே அது எவ்வளவு பெரிய அரசியல் கேள்வி என்பதைக் காட்டுகிறது. நம் சட்டமன்றத்தில் அது எப்போது அப்படியொரு கேள்வியாகும்?

சுள்ளியாவிலிருந்து ஒரு பொறியாளர்

இந்தத் திறன் நமக்கு அயலானதும் அல்ல. தமிழ்நாட்டின் அண்டையில், கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்தில், சுள்ளியாவைச் சேர்ந்த இயந்திரவியல் பொறியாளர் கிரீஷ் பாரத்வாஜ் 1989இல் பயஸ்வினி ஆற்றின் மேல் அரம்பூரில் ஒரு தொங்குபாலம் கட்டினார். ஆற்றுக்கு அப்பால் இருந்த ஊர்க்காரர்கள் வந்து கேட்டதுதான் தொடக்கம். பிறகு கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா என்று நூற்றுக்கும் மேற்பட்ட நடைபாலங்களை அவர் கட்டியிருக்கிறார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாம் பாராட்டியது சரி. ஆனால், அவர் செய்த வேலையை ஒரு துறையின் அன்றாட வேலையாக மாற்றவில்லை. தனிமனிதரின் தொண்டாகவே அதை விட்டுவைத்தோம்.

இன்னொரு சான்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டோனி ரூட்டிமான். 1987இல் எக்வடோரில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே போன அந்த இளைஞர், பாலம் கட்டுவதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். தென் அமெரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நூற்றுக்கணக்கான பாலங்கள். வடங்களுக்கு அவர் தேடிப்போனது சுவிஸ் மலைகளில் கழற்றி எடுக்கப்பட்ட கேபிள் கார் கம்பிகளை. வேறு நாடுகளில் துறைமுகப் பளுதூக்கிகளின் வடங்களும் இவ்வாறு நடைபாலங்களுக்குப் பயன்பட்டிருக்கின்றன. ஆள் நடக்கும் பாலத்தின் சுமை பளுதூக்கியின் சுமையைவிடக் குறைவு. சென்னை, எண்ணூர், தூத்துக்குடித் துறைமுகங்களில் கழிக்கப்படும் வடங்களில் தகுதியுள்ளவற்றை முறையாகச் சோதித்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று அரசு ஆராயலாம்.

திறனும் வேகமும் நம்மிடம் இருப்பதை 2024 ஜூலை இறுதியில் வயநாட்டில் கண்டோம். நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டு, முண்டக்கை துண்டிக்கப்பட்டபோது, இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படையினர் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தை இரண்டே நாள்களுக்குள் அமைத்துமுடித்தார்கள். பேரிடரில் ஒருமுறை துண்டிக்கப்பட்ட ஊருக்கு அரசு அத்தனை விரைவாகப் பாலம் தருகிறது. ஆண்டுதோறும் துண்டிக்கப்படும் ஊரின் துயரத்தை மட்டும் வாடிக்கை என்று ஏற்றுக்கொள்கிறது.

எழக்கூடிய ஐயங்கள்

நடைபாலம் தருவதாகச் சொன்னால் மலை மக்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். ‘சாலை கேட்டோம், நடைபாலம் கொடுத்து வாயை அடைக்கிறார்கள்’ என்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. எனவே, நடைபாலம் கிடைத்த ஊரைச் சாலைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். நடைபாலம் சாலைக்கான உரிமையை விலைக்கு வாங்கும் பேரமாக மாறக் கூடாது. சாலை வரும்வரை உயிரைக் காக்கும் ஏற்பாடாக இருக்க வேண்டும். சாலை வந்தபின்னும் பள்ளிக்கும் வயலுக்கும் குறுக்கு வழியாக அது பயன்படும்.

காட்டு விலங்குகளின் மேல் அக்கறை கொண்டோருக்கு வேறோர் ஐயம் உண்டு. அவர்களுக்கும் நடைபாலம் ஏற்றதே. தார்ச்சாலை கொண்டுவரும் வாகன நெரிசல், இரவுப் போக்குவரத்து, சுற்றுலா விடுதிகள் எதையும் ஆள் நடக்கும் பாலம் கொண்டுவராது. அது எடுத்துக்கொள்ளும் நிலம் இரு கரைகளில் இரண்டு அடித்தளங்கள் அளவுதான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க வழிசெய்கிறது. வெட்டப்படும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. நடைபாலம் இந்த வரம்புகளுக்குள் எளிதாக அடங்கும். பட்டியலில் ‘சாலை’ இருக்கிறது. ‘பாலம்’ என்று தனியே இல்லை. நடைபாதையும் அதன் பாலமும் சாலை என்பதில் அடங்கும் என்று தெளிவான அறிவுறுத்தல் வந்தால், கள அலுவலர்களின் தயக்கம் நீங்கும்.

தெங்குமரஹாடா போன்ற ஊர்களை வெளியே குடியமர்த்தும் பேச்சு நடக்கிறதே, அங்கே பாலம் எதற்கு என்று கேட்கலாம். போவதா, இருப்பதா என்பது அந்த மக்கள் முழு மனதோடு எடுக்க வேண்டிய முடிவு. வழியை அடைத்துவைத்து ஒருவரை வெளியேறச் சம்மதிக்கவைத்தால் அது சம்மதம் ஆகாது. மேலும், குடியமர்வு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அந்த ஆண்டுகளில் பிறக்கும் குழந்தைகளுக்கும் நோயுறும் முதியவர்களுக்கும் கடக்க வழி வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான ஐயம் பாதுகாப்பு. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்திருந்ததைச் சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது. 2025 ஜூன் 15 அன்று புனே அருகே குண்ட்மலாவில், உழவர்களுக்காகப் பல்லாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட இரும்பு நடைபாலம், சுற்றுலாப் பயணிகளின் நெரிசல் தாங்காமல் இந்திராயணி ஆற்றில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு விபத்துகளுமே சொல்வது ஒன்றுதான்: பாலம் கட்டிய நாளோடு கடமை முடிவதில்லை. ஒவ்வொரு நடைபாலத்துக்கும் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்ற அறிவிப்பு, மழைக்கு முன்னும் பின்னும் சோதனை, சோதித்தவரின் கையெழுத்தோடு ஊராட்சியில் ஒரு பதிவேடு, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு ஆகியவை இல்லாமல் ஒரு பாலம்கூடக் கட்டக் கூடாது. பராமரிக்க முடியாத பாலம் ஊருக்கு நாம் வைக்கும் கண்ணி.

தமிழ்நாடு செய்ய வேண்டியது

முதலில் கணக்கெடுப்பு. வெள்ளக் காலத்தில் எந்தெந்தக் குடியிருப்பு துண்டிக்கப்படுகிறது, எந்த இடத்தில், ஆண்டுக்கு எத்தனை நாள், கடக்க என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல் ஒரே இடத்தில் வேண்டும். இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. கிராம சுகாதாரச் செவிலியர், 108 ஓட்டுநர், ரேஷன் கடை விற்பனையாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு ஒவ்வோர் ஆற்றுத்துறையும் தெரியும். கோட்டூர் மலைக்குக் கழுதை மேலும், போதமலைக்குத் தலைச்சுமையாகவும் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கொண்டுசேர்த்த தேர்தல் அலுவலர்களுக்கும் வழிகள் தெரியும். வாக்குக்காகப் போகத் தெரிந்த அரசுக்கு வழியை அளக்கவும் தெரியும்.

அடுத்து, ஊரக வளர்ச்சித் துறையில் நடைபாலங்களுக்கென்று ஒரு சிறு பொறியியல் பிரிவு. மாவட்ட எல்லையில் வரும் ஆறுகளுக்கு இரு மாவட்டங்களின் கோப்பையும் அந்தப் பிரிவே கையில் எடுக்க வேண்டும். நேபாளத்தைப் போல நீளத்துக்கேற்ற பொது வரைபடங்களை அண்ணா பல்கலைக்கழகமோ சென்னை ஐஐடியோ தயாரித்துத் தரலாம். நடைதளத்தின் அகலத்தை முடிவு செய்யும்போது ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களையும், 2016 முதல் நம்மிடம் ஓடும் இருசக்கர ஆம்புலன்ஸையும் மனத்தில் வைக்க வேண்டும். நேபாளத்தில் 106 சென்டிமீட்டர் அகலம் வழக்கத்தில் இருக்கிறது.

பள்ளிக் குழந்தைகளின் வழிக்கு முன்னுரிமை. கர்நாடகத்தின் கடலோர, மலைநாட்டு மாவட்டங்களில் ஓடையின் குறுக்கே மரத்தை வெட்டிப்போட்டு நடக்கும் வழக்கம் உண்டு. 2022 மழைக்காலத்தில் உடுப்பி மாவட்டத்தில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளியிலிருந்து திரும்பும்போது அத்தகைய மரப்பாலத்திலிருந்து விழுந்து இறந்தாள். அந்த மாநிலம் பள்ளிவழிப் பாலங்களுக்கென்றே ‘சாலா சம்பர்க்க சேது’ என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. தமிழ்நாடு, ஒரு குழந்தையை இழந்த பிறகுதான் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரிய பாலம் கட்டும் இடத்திலும் இந்தச் சிந்தனை வேண்டும். 2021 நவம்பரில் இலங்கையின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. மாற்று வழியாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்ததில் பள்ளிக் குழந்தைகள் உள்ளிட்டோர் உயிரிழந்தார்கள். பழைய பாலத்தை இடிக்கும் முன் மக்கள் நடந்து கடக்கத் தற்காலிகப் பாலம் அமைப்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக வேண்டும். பேச்சிப்பாறை, காரையாறு போன்ற அணைகளுக்கு அப்பால் வாழும் காணி மக்களுக்கு, நீர்ப்பரப்பு அகன்றிருக்கும் இடங்களில் தொங்குபாலம் பொருந்தாமல் போகலாம். அங்கே உயிர்காப்பு உடையோடு, எல்லா நேரத்திலும் இயங்கும் அரசுப் படகு வேண்டும். சமவெளியின் வயலுக்காக அவர்களின் பாதையில் தண்ணீரைத் தேக்கியது நாம். கடத்திவிடும் கடமையும் நம்முடையதே.

பணத்துக்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. பழங்குடியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காகத் ‘தொல்குடி’ திட்டத்தை அரசு 2024 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதில் நடைபாலங்களுக்கு ஒரு பங்கைக் குறித்து ஒதுக்கலாம். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிகள் இருக்கின்றன. இவற்றை எல்லாம் இணைக்க நடைபாலம் என்ற ஒரு தலைப்பு மட்டும்தான் இல்லை.

அரசியல் சாசனத்தின் பதினோராம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. பதின்மூன்றாவதாக வருவது சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள், நீர்வழிகள். ஆகவே ஓர் ஊர் தன் ஆற்றுக்குப் பாலம் கேட்பது எவரிடமும் கையேந்தும் மனு அல்ல; சாசனம் ஊராட்சிக்கு உரியதாகப் பட்டியலிட்ட பொருள். அதை நிறைவேற்ற வரைபடமும் இரும்பும் பொறியாளரும் தருவது மாநில அரசின் வேலை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் நடைபாலங்களுக்கென்று ஒரு தலைப்பும், துண்டிக்கப்படும் ஊர்களின் பட்டியலும், முதல் ஆண்டில் எத்தனை என்ற எண்ணும் இடம்பெற வேண்டும். அந்த எண்ணை நிறைவேற்றினார்களா என்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் சட்டமன்றத்தில் கேள்வி எழ வேண்டும்.